விமானம் இன்னும் வந்து சேராத இடத்தைச் சுடுவது எப்படி?

1940 ஜூன் 10 அன்று இத்தாலி இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. மறுநாள் காலையிலேயே, சிசிலிக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளமான மால்டா மீது குண்டுகள் விழத் தொடங்கின. அத்தீவின் வானத்தைக் காக்கும் பொறுப்பு 7வது விமான எதிர்ப்பு பிரிகேட் என்ற படைப்பிரிவிடமும், பின்னர் அதனுடன் 10வது பிரிகேட்டிடமும் இருந்தது. பிரிட்டனிலிருந்து வந்த பீரங்கி வீரர்களோடு, ராயல் மால்டா ஆர்ட்டிலரி என்ற பீரங்கிப் படையில் சேர்ந்திருந்த உள்ளூர் இளைஞர்களும் அவற்றில் பணியாற்றினார்கள். அவர்கள் செய்த வேலையில் பாதி கணக்கு என்றால் அது மிகையில்லை.

அவர்களுடைய கனரகப் பீரங்கிகளில் முதன்மையானது 3.7 அங்குலப் பீரங்கி. ஏறத்தாழ 12.7 கிலோ எடையுள்ள அதன் குண்டு, நொடிக்கு 790 மீட்டர் அளவிலான வேகத்தில் குழலை விட்டுக் கிளம்பினாலும், காற்றின் தடையாலும் புவியீர்ப்பாலும் வேகம் குறைந்துகொண்டே போய், 6 கிலோமீட்டர் உயரத்தை அடையப் பதினைந்து நொடி அளவுக்கு எடுத்துக்கொள்ளும். அதற்குள், மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். ஆகவே கண்ணில் படும் விமானத்தைக் குறிவைத்தால் குண்டு வெற்று வானத்தில்தான் வெடிக்கும்.

விமானம் எங்கே இருக்கப்போகிறது என்பதைக் கண்டுபிடிக்கும் இயந்திரத்துக்குப் பிரெடிக்டர் என்று பெயர். பொதுவாக நான்கு பீரங்கிகளுக்கு நடுவே அது நிறுத்தப்பட்டிருக்கும். ஒரு வீரர் தொலைநோக்கி வழியே விமானத்தின் திசையையும், இன்னொருவர் அதன் ஏற்றக் கோணத்தையும் கைச்சக்கரங்களைச் சுழற்றியபடி பின்தொடர்வார்கள். அருகிலுள்ள உயரமானி உயரத்தைச் சொல்லும். இந்தக் கோணங்கள் மாறும் வேகத்தைக் குண்டு பறக்கும் நேரத்தால் பெருக்கினால், எவ்வளவு முன்தள்ளிச் சுட வேண்டும் என்பது கிடைத்துவிடும் என்று தோன்றும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது: குண்டு பறக்கும் நேரம், விமானம் போய்ச் சேரவிருக்கும் இடத்தைப் பொறுத்தது, அந்த இடமோ, குண்டு பறக்கும் நேரத்தைப் பொறுத்தது. பல்வேறு உயரங்களுக்கும் தொலைவுகளுக்கும் உரிய நேரங்களை மேடுபள்ளங்களாகச் செதுக்கிய உலோக உருளைகளைக் கொண்டு, இரண்டு விடைகளும் ஒத்துப்போகும் வரை திருத்திக்கொண்டே இருந்து, பிரெடிக்டர் இந்தச் சுழலை அவிழ்த்தது. மின்னணுக் கணினி வருவதற்கு முன்பே பல்சக்கரங்களால் இதைச் சாதித்திருந்தார்கள் என்பது இன்றும் வியப்பூட்டுகிறது.

விடை, கேபிள் வழியாகப் பீரங்கியிலுள்ள முகப்புக்கு வரும். பீரங்கியைத் திருப்பும் வீரருக்கு விமானத்தைப் பார்க்கும் வேலையே இல்லை. தலைக்கு மேல் என்ன நடந்தாலும், முகப்பில் நகரும் முள்ளின் மீது தன் முள்ளைப் பொருத்திக்கொண்டே இருப்பதுதான் அவருடைய கடமை.

அடுத்தது ஃப்யூஸ், அதாவது குண்டை வெடிக்கச் செய்யும் கருவி. குண்டு நேரடியாக விமானத்தில் மோத வேண்டியதில்லை. அருகில் வெடித்துச் சில்லுகளைச் சிதறடித்தால் போதும். எத்தனை நொடியில் வெடிக்க வேண்டும் என்பதைச் சுடுவதற்கு முன்பே குண்டின் மூக்கிலுள்ள ஃப்யூஸில் அமைத்துவிட வேண்டும். உயரத்தில் குண்டு நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் போவதாகக் கொண்டால், ஃப்யூஸில் பத்தில் ஒரு நொடி பிசகினாலே வெடிப்பு 30 மீட்டர் தள்ளிப் போய்விடும். அமைத்து முடித்த குண்டைக் குழலில் ஏற்றிச் சுடும் வரை கழியும் சில நொடிகளையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

இந்தக் கணக்கு முழுவதும் ஒரே ஓர் அனுமானத்தின் மேல் நின்றது: விமானம் நேர்கோட்டில், ஒரே வேகத்தில், உயரம் மாறாமல் பறக்கும் என்பது. 1941 ஜனவரியில் வந்த ஜெர்மானிய ஸ்டூக்கா குண்டுவீச்சு விமானங்கள் ஏறக்குறைய செங்குத்தாகப் பாய்ந்தன. மத்தியதரைக் கடலில் குண்டடிபட்ட பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான இல்லஸ்ட்ரியஸ், மால்டாவின் கிராண்ட் ஹார்பர் துறைமுகத்தில் பழுதுபார்க்க நின்றிருந்தது. அதை முடித்துவிடுவதே அவற்றின் நோக்கம். பாயும் விமானத்தைப் பிரெடிக்டரால் பின்தொடர முடியாது. ஆனால் அதன் இலக்கு எது என்பது தெரியும்; எனவே குண்டு வீச அது கடந்தாக வேண்டிய வான்பகுதியும் தெரியும். ஒவ்வொரு பீரங்கித் தளத்துக்கும் திசை, கோணம், ஃப்யூஸ் நேரம் ஆகியவற்றை முன்கூட்டியே வகுத்துக் கொடுத்து, துறைமுகத்தின் மேல் ஒரு பெட்டி வடிவத்தில் குண்டுகள் இடைவிடாமல் வெடிக்கும்படி செய்தார்கள். அதற்கும் கீழே இறங்கி வந்தவற்றை 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கிகள் கவனித்துக்கொண்டன. ஜனவரி 16 அன்று ஒரு ஜெர்மானியக் குண்டு கப்பலைத் தாக்கியது. அக்கம்பக்கத்துக் குடியிருப்புகள், குறிப்பாக செங்லியா, பெரும் சேதத்துக்கு உள்ளாயின. ஆயினும் 23ஆம் தேதி இரவு கப்பல் அலெக்சாண்ட்ரியாவுக்குப் புறப்பட்டது. எத்தனை விமானங்களை வீழ்த்தினார்கள் என்பதைவிட, விமானிகளை எவ்வளவு உயரத்திலேயே குண்டை விட்டுவிடச் செய்தார்கள் என்பதே இத்தகைய தடுப்புச் சூட்டுக்குச் சரியான அளவுகோல் என்று நான் கருதுகிறேன்.

ஆனால் இந்த முறை குண்டுகளைத் தண்ணீராய்ச் செலவழித்தது. முற்றுகையால் சரக்குக் கப்பல்கள் வர முடியாமல்போன 1942 வசந்தத்தில், பீரங்கிகளுக்குக் குண்டுகள் பங்கிட்டுத்தான் கொடுக்கப்பட்டன. மே 10 அன்று வெல்ஷ்மேன் என்ற அதிவேகக் கப்பல் விமான எதிர்ப்புக் குண்டுகளோடு புகையெழுப்பும் கலன்களையும் கொண்டுவந்து சேர்த்தது. அன்று புகைத்திரைக்கு மேலே பீரங்கிகளும், முந்தைய நாள் வந்திறங்கிய ஸ்பிட்ஃபயர் விமானங்களும் சேர்ந்து தாக்குதலை எதிர்கொள்ள, சரக்கு பத்திரமாகக் கரையேறியது.

ஃப்யூஸ் நேரத்தை ஊகிக்கும் தொல்லைக்கு 1944இல் தீர்வு வந்தது. குண்டின் மூக்கிலேயே சிறு வானொலிக் கருவி பொருத்தப்பட்டு, இலக்கை நெருங்கியதும் அதுவே வெடித்தது. தெற்கு இங்கிலாந்தில் வி-1 பறக்கும் குண்டுகளை வீழ்த்திய 3.7 அங்குலப் பீரங்கிகள் அதைத்தான் பயன்படுத்தின.