உறுதுணை வேலைவாய்ப்பு: சொல் விளக்கம்

மாற்றுத்திறனாளி ஒருவரை, மற்றவர்கள் வேலை செய்யும் அதே இடத்தில், அதே சம்பளத்துக்கு அமர்த்தி, வேலையைக் கற்றுத்தர ஒரு ‘ஜாப் கோச்’சையும் உடன் அனுப்புவதே ‘சப்போர்ட்டட் எம்ப்ளாய்மென்ட்’. பழகப் பழக கோச் வருவது குறையும். சிக்கல் வந்தால் மறுபடி வருவார்.

இந்தச் சொல் 1980-களில் அமெரிக்காவில் நிலைபெற்றது. அதற்கு முன்பு அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைத் தனிப் பட்டறைகளில் உட்காரவைத்து, ‘முதலில் பயிற்சி, அப்புறம் வேலை’ என்றார்கள். பலருக்கு அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை. இவர்களுக்கு எதுவும் ஏறாது என்ற எண்ணத்தை 1970-களில் உடைத்தவர்களில் ஒருவர் அமெரிக்கச் சிறப்புக் கல்வி ஆய்வாளர் மார்க் கோல்டு. சைக்கிள் பிரேக்கை உறுப்பு உறுப்பாகப் பூட்ட அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். பிறகு வரிசையே தலைகீழானது: முதலில் வேலை, அங்கேயே பயிற்சி. 1986-இல் அமெரிக்க மறுவாழ்வுச் சட்டத் திருத்தம் இதற்குத் தனி இடம் தந்தது.

‘சப்போர்ட்’டின் லத்தீன் வேருக்குக் கீழிருந்து சுமப்பது என்று பொருள். சுமை குறைவது ஊழியருக்கு மட்டுமல்ல, முதலாளிக்கும்தான். இதைப் பலரும் கவனிப்பதில்லை.

ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். துண்டு மடிப்பதைக் கோச் பக்கத்திலிருந்து பார்ப்பார்: விரி, நீளவாக்கில் மடி, லேபிள் உள்பக்கம் போகட்டும், மூன்றாக மடி, அடுக்கு. ஒவ்வொரு படிக்கும் ஒரு படம் சுவரில் ஏறும். சூப்பர்வைசர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. இஸ்திரியில் கைதேர்ந்தவர் மடிப்பதில் நேரத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. அடுத்து சேரும் எவருக்கும் அந்தப் படங்களே போதும்.

2007-இல் தெற்கு கரோலினாவின் ஆண்டர்சன் நகரில் வால்கிரீன்ஸ் மருந்துக்கடை நிறுவனம் இப்படியொரு கிடங்கைத் திறந்தது. ஊழியர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் மாற்றுத்திறனாளிகள். எல்லாருக்கும் ஒரே சம்பளம், ஒரே வேலை அளவு. வேலையை விட்டுப் போகிறவர்கள் மாற்றுத்திறனாளிகளிடையே குறைவு என்று நிறுவனமே சொன்னது. ஆள் மாறிக்கொண்டே இருக்கும் கிடங்குத் தொழிலில் இது நேரடி லாபம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘ஆதரவு வேலைவாய்ப்பு’ என்றால் ஆதரவற்றோர் இல்லம்தான் நினைவுக்கு வருகிறது. முழுச் சம்பளம் வாங்குகிறவரை இரக்கத்துக்கு உரியவராக்கிவிடுகிறது. ‘துணைப் பணி’ என்றால் துணை ஆட்சியர் போலக் கீழ்நிலைப் பதவி ஆகிவிடும். எனக்குச் சரியாகப் படுவது ‘உறுதுணை வேலைவாய்ப்பு’. உறு என்பது மிகுதியைக் குறிக்கும் உரிச்சொல். இக்கட்டில் கூட நிற்பவரை உறுதுணை என்று இன்றும் சொல்கிறோம். அதில் தயவின் வாடை இல்லை. ஜாப் கோச்சைப் ‘பணிப் பயிற்றுநர்’ என்றே சொல்லலாம்.