நின்ற காலில் தேங்கும் இரத்தம்

கால்வலி என்று வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: நடந்தால் வலிக்கிறதா, நின்றால் வலிக்கிறதா? இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதுபோல் பலர் என்னைப் பார்ப்பார்கள். இரத்த ஓட்டத்தைப் பொறுத்தவரை இரண்டும் நேர் எதிரான நோய்கள்.

ஆந்திராவின் நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் பக்கமும், எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை பக்கமும் விசைத்தறி ஓடாத தெரு குறைவு. என்னிடம் வரும் கால்வலிக்காரர்களில் பெரும்பாலானவர்கள் தறி ஓட்டுகிறவர்கள். அவர்களுக்கு அடுத்தபடியாக டீக்கடை மாஸ்டர்கள், துணிக்கடைப் பெண்கள், பஸ் கண்டக்டர்கள். சாயங்காலம் கால் கனக்கிறது, செருப்பு இறுக்குகிறது, நடுராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்பார்கள். வாதம் என்று எண்ணெய் தேய்த்திருப்பார்கள், வலி மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கியிருப்பார்கள். இது இரத்த ஓட்டத்தின் கோளாறு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இங்கே மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவுரை தெலுங்கில் இருக்கிறது. மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசும் பெரியவர்களுக்கு இரண்டுமே எட்டுவதில்லை. அவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டட்டும் என்றுதான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

இரத்த ஓட்டம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இதயத்திலிருந்து புறப்படும் பாதிதான். இதயம் ஏறக்குறைய அவரவர் கைமுட்டி அளவு; எடை 300 கிராம் வாக்கில். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 70 தடவை சுருங்குகிறது. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 70 மில்லி இரத்தத்தைத் தள்ளுகிறது. பெருக்கினால் நிமிடத்துக்கு 5 லிட்டர் வருகிறது. வளர்ந்த ஒருவரின் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே ஏறத்தாழ அவ்வளவுதான். அப்படியென்றால் போன இரத்தம் போன வேகத்திலேயே திரும்பி வந்தாக வேண்டும். வராவிட்டால் தள்ளுவதற்கு இதயத்திடம் ஒன்றும் இருக்காது.

இந்தக் கணக்கைப் போட்டுத்தான் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய மருத்துவர் 1628இல் இரத்தம் சுற்றி வருகிறது என்று நிறுவினார். அதுவரை, கல்லீரலில் இரத்தம் ஊறுகிறது, உறுப்புகள் அதை உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன என்றே பண்டைய மருத்துவர் கேலனின் வழியில் நம்பிவந்தார்கள். அரை மணி நேரத்தில் இதயம் தள்ளும் இரத்தம் உடம்பில் இருக்கும் இரத்தத்தைவிட அதிகம். அவ்வளவும் புதிதாக எங்கிருந்து ஊறும் என்று ஹார்வி கேட்டார். இதயத்திலிருந்து புறப்படும் குழாய்களான தமனிகள் வழியாகப் போவதுதான், இதயத்துக்குத் திரும்பும் குழாய்களான சிரைகள் வழியாகத் திரும்புகிறது என்பது அவர் கண்ட விடை. இரண்டையும் இணைக்கும் நுண்ணிய தந்துகிகளை அவர் பார்க்கவில்லை. அவர் இறந்த பிறகு, 1661இல், இத்தாலியில் மால்பிகி என்ற மருத்துவர் தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வழியாக அவற்றைப் பார்த்தார்.

ஹார்வி செய்துகாட்டிய ஒரு சோதனையை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். முழங்கைக்கு மேலே ஒரு துணியை மிதமாகக் கட்டுங்கள். முன்கையில் பச்சை நரம்பு என்று நாம் சொல்லும் சிரைகள் புடைத்து எழும். நடுநடுவே சிறு முடிச்சுகள் தெரியும். ஒரு சிரையின் மேல் மணிக்கட்டுப் பக்கமாக ஒரு விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, இன்னொரு விரலால் அதே சிரையை முழங்கைப் பக்கமாக ஒரு முடிச்சைத் தாண்டி வழித்துவிடுங்கள். வழித்த விரலை எடுத்துவிடலாம். இடைப்பட்ட பகுதி வெறுமையாகத் தட்டையாகவே கிடக்கும். மேலே இருக்கும் இரத்தம் கீழே இறங்கி வராது. மணிக்கட்டுப் பக்கத்து விரலை எடுத்த நொடியே கீழிருந்து இரத்தம் ஏறி நிரம்பிவிடும். பார்த்தவுடன் துணியை அவிழ்த்துவிடுங்கள். அந்த முடிச்சுகள்தான் வால்வுகள். ஹார்வியின் ஆசிரியர் ஃபேப்ரிசியஸ் இத்தாலியின் பதுவா நகரில் அவற்றை முன்பே படம் வரைந்து விளக்கியிருந்தார். ஆனால் அவை இரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டுமே போக விடுகின்றன என்று புரிந்துகொண்டவர் மாணவர்தான்.

காலுக்கு வருவோம். பெருந்தமனியில் 120 என்ற அழுத்தத்தோடு புறப்படும் இரத்தம், தந்துகிகளைக் கடந்து சிரைக்குள் நுழையும்போது இதயம் கொடுத்த அழுத்தத்தில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. அங்கிருந்து பாதம் முதல் மார்பு வரை நான்கு அடி உயரம் அது ஏற வேண்டும். அசையாமல் நிற்கும் ஒருவரின் பாதச் சிரையில், மேலே நிற்கும் இரத்தத்தின் எடையால் மட்டும் அழுத்தம் ஏறக்குறைய 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குப் போய்விடுகிறது. அவர் நடக்கத் தொடங்கினால் சில அடிகளிலேயே அது 30க்கும் கீழே இறங்கிவிடுகிறது. இறக்குவது கெண்டைக்கால் தசை.

கெண்டைக்காலின் ஆழத்தில் சோலியஸ் என்றொரு பெரிய தசை இருக்கிறது. காலிலிருந்து திரும்பும் இரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு, தசைகளுக்கு நடுவே ஓடும் ஆழமான சிரைகளில்தான் போகிறது. குதிகாலைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தசை இறுகிச் சிரையைப் பிழிகிறது. இரத்தம் மேலே போகிறது. வால்வு பின்னால் மூடிக்கொள்கிறது. மருத்துவத்தில் கெண்டைக்கால் தசையை இரண்டாவது இதயம் என்றே சொல்வதுண்டு. மிகை கொஞ்சமும் இல்லை. ஒரே ஒரு வேறுபாடு. முதல் இதயம் நாம் தூங்கினாலும் துடிக்கும். இரண்டாவது, நாம் அசைந்தால் மட்டுமே துடிக்கும். முற்றிலும் அசையாமல் கால் மணி நேரம் நின்றால், உடம்பின் இரத்தத்தில் 10 முதல் 20 சதவீதம் வரை சுழற்சியிலிருந்து விலகிவிடக்கூடும். காலில் தேங்கி, நீராகத் தந்துகிகளிலிருந்து கசிந்து திசுக்களில் இறங்கிவிடுகிறது. அணிவகுப்பில் விறைப்பாக நிற்கும் இளைஞர்கள்கூட மயங்கி விழுவது இதனால்தான்.

வால்வு கெட்டால் என்ன ஆகும் என்பதை விவசாயம் பார்க்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு கசிந்தால், மோட்டார் எவ்வளவு ஓடினாலும் ஏறிய தண்ணீர் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். காலிலும் அதுதான். வருடக்கணக்கில் நின்று நின்று சிரை விரிந்துபோகிறது. வால்வின் இரு இதழ்களும் ஒன்றையொன்று தொட முடியாமல் போகின்றன. மேல்தோலுக்கு அடியில் இருக்கும் சிரைகள் புடைத்து, நெளிந்து, முறுக்கிக்கொள்கின்றன. நரம்பு சுருட்டு என்று ஊரில் சொல்வது இதைத்தான். மருத்துவர்கள் வெரிகோஸ் வெயின் என்பார்கள். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடும். கர்ப்பமும் உடல் பருமனும் அதைக் கூட்டுகின்றன.

நம் நெசவாளர்களைப் பற்றி யோசிக்கும்போது ஒன்று எனக்கு எப்போதும் உறுத்துகிறது. பழைய குழித்தறியில் நெசவாளர் உட்கார்ந்திருப்பார். கால்கள் நாள் முழுவதும் மிதியை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே இருக்கும். முதுகும் கண்ணும் கெட்டது உண்மை. ஆனால் கெண்டைக்கால் வேலை செய்தது. விசைத்தறி வந்து மிதியை மோட்டாரிடம் கொடுத்துவிட்டது. மனிதரை நிற்க வைத்துவிட்டது. இழை அறுகிறதா, ஊடைநூல் சுற்றிய தார் தீர்கிறதா என்று பார்த்தபடி தறிகளுக்கு நடுவே அரை அடி, ஓரடி நகர்வதோடு சரி. அதை நடை என்று சொல்ல முடியாது. “நாள் பூராவும் காலில்தான் அம்மா நிற்கிறேன், இதற்கு மேல் என்ன நடக்கச் சொல்கிறீர்கள்?” என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: நிற்பது வேறு, நடப்பது வேறு.

நோய் படிப்படியாகவே முற்றும். முதலில் மாலை வீக்கம், காலையில் வடிந்திருக்கும். கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பின் மீது கட்டைவிரலால் பத்து எண்ணும் வரை அழுத்தி எடுத்தால் குழி விழும். பிறகு கணுக்காலின் உட்புறம் அரிப்பு. அந்த இடம் மெல்லக் கறுக்கத் தொடங்கும். சிரையின் அழுத்தம் தாங்காமல் சிவப்பணுக்கள் வெளியே கசிந்து, அவற்றில் உள்ள இரும்பு தோலில் படிந்துவிடுவதால் வரும் கறுப்பு அது. எந்தக் களிம்பாலும் போகாது. சர்க்கரை நோயின் கறுப்பு, படர்தாமரை என்று நினைத்து மருந்துக்கடைக் களிம்பைத் தடவிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. அடுத்த கட்டம் புண். தறியில் இடித்த சிறு காயம் மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும். மேலே என்ன மருந்து போட்டாலும், கீழே அழுத்தம் குறையாமல் அது ஆறாது. கறுப்பு தெரியும்போதே வந்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். டாப்ளர் ஸ்கேன் என்ற வலியில்லாத பரிசோதனையில் எந்த வால்வு கசிகிறது என்று தெரிந்துவிடும். கெட்ட சிரையை லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பம் மூலம் அடைத்துவிடலாம், அறுவை சிகிச்சையில் அகற்றியும் விடலாம். இரத்தம் ஆழமான சிரை வழியாகப் போய்க்கொள்ளும்.

எல்லா வீக்கமும் இதுவல்ல. இரண்டு காலும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் தேவலை என்றிருந்தால் அது இதயமே பலவீனமாகியிருப்பதன் அறிகுறி. முகமும் வீங்கினால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். அம்லோடிபின் என்ற இரத்தக் கொதிப்பு மாத்திரையாலும் சிலருக்குப் பாதம் வீங்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்றித் தரலாம். நீர் பிரியும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் இந்தப் பக்கம் அதிகம். சிரை வீக்கத்துக்கு அது தீர்வாகாது. உடம்பின் பொட்டாசியத்தைக் குறைத்து இதயத் துடிப்பையே குலைத்துவிடலாம்.

நடந்தால் மட்டும் கெண்டைக்கால் வலித்து, நின்றவுடன் விட்டுவிடுகிறது என்றால் அது தமனி அடைப்பு. பீடி, சிகரெட் குடிப்பவர்களிடம் அதிகம் பார்க்கிறேன். சிரை வீக்கத்துக்கு நாங்கள் எழுதித் தரும், காலை இறுக்கும் காலுறை இவர்களுக்கு ஆபத்து. அதனால்தான் பாதத்தில் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்க்காமல் யாருக்கும் நான் அந்தக் காலுறையை எழுதுவதில்லை. வாங்குகிறவர்கள் காலையில் படுக்கையை விட்டு எழும் முன்பே போட வேண்டும். வீங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. துணிக்கட்டு போடுவதானாலும் பாதவிரல் அடியிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். வெறும் கெண்டைக்காலை மட்டும் இறுக்கினால் கீழே வீக்கம் கூடும்.

மிகவும் அஞ்ச வேண்டியது ஒன்று: ஒரே ஒரு கால் திடீரென்று வீங்கி, வலித்து, சூடாக இருப்பது. ஆழமான சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் காலை உருவிவிடவோ, எண்ணெய் தேய்க்கவோ கூடாது. கட்டி பெயர்ந்து இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்தால் திடீர் மூச்சுத்திணறல், மார்வலி, மரணம்கூட நேரலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எலும்பு முறிந்து காலில் கட்டுப் போட்டிருப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். புத்தூர் எலும்புக் கட்டுக்குப் பேர் போன இடம்; தொலைதூரத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். மூங்கில் பத்தையோ மாவுக்கட்டோ, எதுவானாலும் கெண்டைக்கால் வேலைநிறுத்தம் செய்கிறது என்பது பொது. கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களை விழித்திருக்கும்போதெல்லாம் மடக்கி நீட்டுங்கள். கட்டியவரும் மருத்துவரும் அனுமதித்தவுடன் எழுந்து நடமாடுங்கள்.

புடைத்த சிரை குளிக்கும்போது உடைந்து இரத்தம் பீறிடுவதும் உண்டு. பதறி முழங்காலுக்கு மேலே கயிறு கட்டுகிறார்கள். அது திரும்பும் வழியை அடைத்து இரத்தப்போக்கைக் கூட்டும். உடனே படுத்து, காலை இதயத்துக்கு மேலே தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தையே அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். பிறகு மருத்துவரிடம் போகலாம்.

தறியில் நிற்கிறவர்கள் அரை மணிக்கு ஒரு தடவை இருபது முறை குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். தறியை நிறுத்த வேண்டியதில்லை. சாப்பாட்டு இடைவேளையில் கால் மணி நேரமாவது படுத்துக் காலைச் சுவரில் உயர்த்தி வையுங்கள். தறி உரிமையாளர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. நின்று வேலை செய்கிறவர்கள் இடையிடையே உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொல்லியிருந்தது. கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைக் கேரளம் 2018இலும், தமிழ்நாடு 2021இலும் சட்டமாக்கின. உங்கள் கூடம் எந்தச் சட்டத்துக்குள் வருகிறது என்பதை விட்டுவிடுவோம்; இரண்டு தறிக்கு நடுவே ஓர் உயர ஸ்டூல் போடுங்கள். உங்களிடம் கைதேர்ந்த ஆள் ஐம்பது வயதுக்குப் பிறகும் வேலைக்கு வருவார்.

புரட்டாசி நெருங்கினால், நரம்பு சுருட்டு உள்ளவர்கள் திருமலைக்கு நடந்து ஏறலாமா என்று கேட்டு வருவார்கள். இதயமும் மூட்டும் சரியாக இருந்து, காலில் புண் இல்லையென்றால் தாராளமாக ஏறலாம். அலிபிரியின் 3550 படிகளும் கெண்டைக்காலுக்கு நல்ல வேலைதான். காலுறையைப் போட்டுக்கொண்டு, களைத்தால் உட்கார்ந்து ஏறுங்கள். சிரமம் படியில் இல்லை, மேலே தரிசன வரிசையில்தான். அங்கே உட்கார இடம் கிடைத்தால் உட்காருங்கள். கிடைக்காவிட்டால் நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கி இறக்கிக்கொண்டிருங்கள்.