கிளினிக்கல் டிரையல்: ஒரு கட்டிலும் ஒரு கட்டுக் கீரையும்

சித்தப்பாவுக்குக் கழுத்தின் இடப்பக்கம் நெறி கட்டியது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. சட்டைக் காலர் மட்டும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சொத்தைப் பல்லால் இருக்கும் என்று ஒரு மாதம் ஓடிவிட்டது. கடைசியில் கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தபோது பி செல் லிம்ஃபோமா என்ற புற்றுநோய் என்று வந்தது. முதல் சிகிச்சை முடிந்து எட்டு மாதத்தில் நோய் திரும்பியது. மருத்துவர் ஒரு படிவத்தைக் கொடுத்து, வீட்டில் எல்லோரும் படித்துவிட்டு வாருங்கள் என்றார். தமிழில்தான் இருந்தது. மேலே தடித்த எழுத்தில், 'மருத்துவப் பரிசோதனையில் பங்கேற்க ஒப்புதல்'.

சித்தி அதைப் பார்த்ததும், "பரிசோதனைதானே, எடுத்துட்டாப் போச்சு. வெறும் வயித்துல போகணுமான்னு கேளு" என்றார். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "என்னை வச்சு சோதனை பண்ணிப் பாக்கப் போறாங்க. அப்படித்தானே?"

சித்திக்கு அது ரத்தப் பரிசோதனை. சித்தப்பாவுக்கு அது எலிக்கூண்டு. இருவரும் படித்தது ஒரே சொல்லைத்தான். இரண்டு அர்த்தமும் தப்பு, ஆனால் தப்பு அவர்களுடையது இல்லை. ஒரு மருந்து பலன் தருகிறதா என்று நோயாளிகளிடம் முறையாகப் பார்க்கும் 'கிளினிக்கல் டிரையல்' என்பதைத்தான் படிவம் எழுதியவர் அப்படித் தமிழாக்கியிருந்தார்.

அந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது? 'க்ளினே' என்றால் கிரேக்கத்தில் கட்டில், படுக்கை. சாய்தல் என்ற வினையிலிருந்து பிறந்தது. படுக்கையில் கிடக்கும் நோயாளியிடம் போய்ப் பார்க்கும் வைத்தியர் 'க்ளினிகோஸ்'. அதாவது கிளினிக்கல் என்றால் கட்டிலருகே நடப்பது. புத்தகத்திலோ கண்ணாடிக் குழாயிலோ நடப்பது இல்லை. பாயும் படுக்கையுமாகக் கிடக்கிறார் என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. நம் ஊரில் கிளினிக் என்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு ஷட்டர் தூக்கும் ஓர் அறை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. கட்டில் காணாமல் போய்விட்டது.

டிரையல் இன்னும் சுவையானது. பழைய பிரெஞ்சில் 'ட்ரியே' என்று ஒரு வினை. பொறுக்குதல், தரம் பிரித்தல் என்று பொருள். போர்க்களத்தில் காயம்பட்டவர்களை, யாரை முதலில் கவனிப்பது என்று பிரித்ததற்கு 'ட்ரியாஜ்' என்று பேர் வந்ததும் இதே வினையிலிருந்துதான். நீதிமன்ற விசாரணையும் ஆங்கிலத்தில் டிரையல்தான், உண்மையையும் பொய்யையும் பிரிப்பதால்.

இந்த இடத்தில் தமிழ் கைவசம் வைத்திருக்கும் சொல்லைப் பாருங்கள்: ஆய்தல். முருங்கைக்கீரை ஆயும்போது என்ன செய்கிறோம்? முறத்தில் பரப்பி, காம்பு ஒரு பக்கம், பழுத்த இலை ஒரு பக்கம், பூச்சி அரித்தது ஒரு பக்கம் என்று ஒதுக்கி, நல்லதை மட்டும் சட்டியில் போடுகிறோம். அந்த 'ஆய்'தான் ஆய்வு, ஆராய்ச்சி எல்லாவற்றுக்கும் வேர். தொல்காப்பியம் உரியியலில் இந்த ஆய்தலுக்கு நுணுக்கம் என்று பொருள் சொல்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 'ட்ரியே' என்பதும் நம் வீட்டில் கீரை ஆய்வதும் ஒரே கைவேலை.

அப்படியிருக்க நாம் பிடித்துக்கொண்டது சோதனையை. வடமொழி 'சோதனா'வுக்கு மூலப்பொருள் தூய்மை செய்தல். பொருள் மோசமில்லை. ஆனால் தமிழில் அந்தச் சொல் வாழ்ந்த வாழ்க்கை வேறு. அதிகாரிகள் வீட்டுக்குள் புகுந்து பீரோவைக் கவிழ்ப்பது சோதனை. லாரியை நிறுத்துவது சோதனைச் சாவடி. கஷ்டம் மேல் கஷ்டம் வந்தால் கடவுள் சோதிக்கிறார். கிறிஸ்தவ ஜெபத்தில் சோதனை என்றால் மனிதனைப் பாவத்தில் தள்ளப் பார்ப்பது. எல்லா இடத்திலும் மாட்டிக்கொண்டு நிற்பவன் மனிதன். 'பரி' சேர்த்தால் கொஞ்சம் மென்மையாகிறது, ஆனால் அப்போது சர்க்கரைப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனையோடு போய்ச் சேர்ந்துவிடுகிறது. கொரோனா காலத்தில் செய்தித்தாள்கள் இரண்டையும் பரிசோதனை என்றே எழுதின. மூக்கில் குச்சி விட்டுப் பார்ப்பதும் பரிசோதனை, தடுப்பூசியின் மூன்றாம் கட்டமும் பரிசோதனை.

டிரையலில் ஆயப்படுவது மருந்து. நோயாளி அல்ல. இந்த ஒன்றைச் சொல் சொல்லிவிட வேண்டும்.

நோயின் பெயரையும் சேர்த்தே பார்த்துவிடலாம். லிம்ஃபோமாவின் முற்பாதி 'லிம்ஃபா', லத்தீனில் தெளிந்த நீர். பிற்பாதி 'ஓமா', கட்டி. பாடப்புத்தகத் தமிழில் நிணநீர்ப் புற்று. நிணம் என்பது சங்கப் பாட்டில் கொழுப்பு, ஊன். தெளிந்த நீரைக் கொழுப்பு நீர் ஆக்கிவிட்டார்களே என்று ஒருகாலத்தில் எனக்குக் குறை இருந்தது. அப்புறம் தெரிந்தது: 1622இல் இத்தாலியில் காஸ்பாரே அசெல்லி என்ற மருத்துவர், வயிறாரத் தின்றிருந்த ஒரு நாயை அறுத்தபோது குடலைச் சுற்றிப் பால் நிறத்தில் ஓடும் நுண்குழாய்களைக் கண்டார். குடல் உறிஞ்சிய கொழுப்பைச் சுமந்து போகும் நிணநீர்தான் அந்த வெண்மை. ஆக நிணநீர் என்று பேர் வைத்தவர் தெரிந்தே வைத்தாரோ, தற்செயலோ, பொருத்தம் கச்சிதம். ஆனால் பேச்சில் யாரும் நிணநீர்க் கணு வீங்கியிருக்கிறது என்று சொல்வதில்லை. நெறி கட்டியிருக்கிறது என்றுதான் சொல்கிறோம். காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டும் என்பது பாட்டிக்குத் தெரியும். மருத்துவத் தமிழ் எழுதுகிறவர்கள் இந்தச் சொல்லை ஏன் தொடுவதே இல்லை என்பது எனக்கு விளங்காத விஷயம்.

பி? ரத்தத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது கோழியிடமிருந்து வந்தது. பறவைகளின் கழிவாய்க்கு அருகே ஒரு சிறு பை உண்டு. இத்தாலியில் பதுவா நகரத்து உடற்கூற்று அறிஞர் ஃபாப்ரீசியஸ் விவரித்ததால் 'பர்சா ஆஃப் ஃபாப்ரீசியஸ்'. பர்சா என்றால் பை. நம் பாக்கெட்டில் இருக்கும் பர்ஸும் அதுவே. 1950களில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர், இந்தப் பை எதற்கு என்று பார்க்கச் சில கோழிகளிடமிருந்து அதை வெட்டி எடுத்திருந்தார். சக மாணவர் திமத்தி சாங், நோய் எதிர்ப்புப் பொருள் உண்டாவதை வகுப்பில் காட்ட அந்தக் கோழிகளை வாங்கிப் போனார். எதிர்ப்புப் பொருள் வரவே இல்லை. வகுப்பு சொதப்பியது, கண்டுபிடிப்பு கிடைத்தது. பெரிய இதழ் ஒன்று கட்டுரையைத் திருப்பி அனுப்ப, அது 1956இல் கோழி வளர்ப்பு அறிவியல் இதழில் வெளிவந்தது. எதிர்ப்புப் பொருள் தரும் செல்கள் கோழியில் அந்தப் பையில் வளர்வதால், பர்சாவின் ஆங்கில முதல் எழுத்தே அவற்றுக்குப் பேராயிற்று. மனிதனுக்கு அந்தப் பை கிடையாது. நம் பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. எழுத்து மட்டும் கோழியுடையது.

இந்தப் பி செல்களில் ஒன்று கட்டுக்கடங்காமல் பெருகுவதுதான் பி செல் லிம்ஃபோமா. அதில் பல வகை உண்டு. பெரிய செல்கள் பரவலாகப் பெருகும் வேகமான வகையே அதிகம் வருவது.

அந்த வேகமான வகைக்கு 1970களிலிருந்து 'சாப்' என்ற நான்கு மருந்துக் கூட்டு இருந்தது. பலருக்கு நோய் போனது, பலருக்குப் போகவில்லை. 1980களில் ஆளாளுக்கு மருந்துகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். எம்-பேகாட், ப்ரோமேஸ்-சைட்டாபாம், மேகாப்-பி என்று பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் கூட்டுகள். ஒவ்வொரு மருத்துவமனையும் தன் கூட்டுதான் சாப்பைவிட மேல் என்று எண்ணிக்கை காட்டியது. பிறகு அமெரிக்காவில் நான்கையும் ஒரே முறத்தில் கொட்டினார்கள். 899 நோயாளிகள், யாருக்கு எது என்பது குலுக்கலில். 1993இல் முடிவு வந்தது: மூன்று ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் நான்கு பிரிவிலும் ஏறத்தாழப் பாதிப் பேர். வித்தியாசமே இல்லை. மருந்தின் நச்சால் இறந்தவர்கள் சாப்பில் 1 சதவீதம், மேகாப்-பியில் 6 சதவீதம். பழசு ஜெயித்தது. அந்த முறம் இல்லாவிட்டால், கூடுதல் மருந்து கூடுதல் பலன் என்று நம்பி இன்னும் எத்தனை பேருக்கு ஏற்றியிருப்பார்களோ.

புதுசு ஜெயித்த கதையும் இருக்கிறது. பி செல்லின் மேல்தோலில் சிடி20 என்று ஒரு புரதம் துருத்திக்கொண்டிருக்கும். அதைப் பிடித்துக்கொள்ளும் ரிட்டுக்சிமாப் 1997 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வேகமான வகையில் அது உதவுமா என்று பிரான்சை மையமாகக் கொண்ட குழு 60 முதல் 80 வயது வரையிலான 399 பேரிடம் பார்த்தது. பாதிப் பேருக்குச் சாப், பாதிப் பேருக்குச் சாப்போடு ரிட்டுக்சிமாப். இரண்டு ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் முறையே 57 சதவீதம், 70 சதவீதம். 2002இல் இது வெளியானதிலிருந்து உலகம் முழுக்க 'ஆர்-சாப்'. சித்தப்பாவுக்கு முதலில் ஏறியதும் அதுவே.

நோய் திரும்பியவர்களுக்கு இப்போது கார்-டி. நோயை எதிர்க்கும் இன்னொரு வகைச் செல்களான டி செல்களை நோயாளியிடமிருந்தே எடுத்து, பி செல்லை அடையாளம் காணும்படி மாற்றி, பெருக்கி, திரும்ப ஏற்றுவது. 2021 டிசம்பரில் இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வந்தன. 359 பேரிடம் நடந்த ஜூமா-7இல் கார்-டி வழக்கமான சிகிச்சையைத் தெளிவாக முந்தியது. 322 பேரிடம் நடந்த பெலிண்டாவில் வேறொரு கார்-டி தயாரிப்பு முந்தவில்லை. யோசனை ஒன்றுதான், முடிவு இரண்டு. இந்தியாவில் ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி நோயாளிகளிடம் ஆய்ந்த பிறகுதான் 2023 அக்டோபரில் அனுமதி வாங்கியது.

படிவத்தில் இன்னும் சில சொற்கள் இருந்தன. 'கட்டம்' நல்ல சொல். முதல் கட்டத்தில் எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும், இரண்டாவதில் கட்டி கரைகிறதா, மூன்றாவதில் இருக்கும் சிகிச்சையைவிட மேலா. மற்ற பல மருந்துகளுக்கு முதல் கட்டத்தில் நோயில்லாதவர்களைச் சேர்ப்பார்கள். புற்றுநோய் மருந்துகளுக்குப் பெரும்பாலும் அதிலேயே நோயாளிகள்தான். 'கை' என்று ஓர் இடத்தில் இருந்தது: 'நீங்கள் இரண்டு கைகளில் ஒன்றில் சேர்க்கப்படுவீர்கள்'. பிரிவு என்று எழுதினால் குறைந்தா போகும்? 'சீரற்ற முறையில்' என்று இருந்ததை, ஒழுங்கில்லாமல் செய்வார்கள் என்றே சித்தி புரிந்துகொண்டார். பள்ளிக் கணக்கில் இதற்குச் சமவாய்ப்பு என்று அழகான சொல் இருக்கிறது. வீட்டில் சொல்ல, குலுக்கல் போதும். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் சொன்னார்கள் அல்லவா, அதே நியாயம். எடுப்பவனுக்கு வேண்டியவர் வேண்டாதவர் இருக்கக் கூடாது.

சரி, தலைப்புக்கு என்ன எழுதுவது? 'மருத்துவ ஆய்வு' என்று சிலர் எழுதுகிறார்கள். எலியில் செய்வதும் அதில் அடங்கிவிடும். 'பண்டுவ ஆய்வு' தனித்தமிழ். பண்டுவம் என்றால் வைத்தியம். தென்மாவட்டங்களில் பண்டுவம் பார்ப்பது என்ற பேச்சு இன்னும் இருக்கிறது, ஆனால் படிவத்தில் பார்த்தால் பலர் திகைப்பார்கள். கட்டிலையும் விடக் கூடாது என்றால் 'கட்டிலடி ஆய்வு', அது சிரிப்பை வரவழைக்கும். என் தேர்வு சிகிச்சை ஆய்வு. எது ஆயப்படுகிறது என்பது முதல் சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. தடுப்பூசி என்றால் தடுப்பூசி ஆய்வு. அடைப்புக்குறி எதுவும் இல்லாமல், 'கிளினிக்கல் டிரையல் எனப்படும் சிகிச்சை ஆய்வு' என்று ஒருமுறை எழுதிவிட்டால் மருத்துவர் வாயில் கேட்பதும் தாளில் படிப்பதும் ஒன்று என்று புரிந்துவிடும்.

படிவத்தின் தலைப்பை பென்சிலால் அடித்து, மேலே 'சிகிச்சை ஆய்வு' என்று எழுதிச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு மருந்தில் எது மேல் என்று பார்க்கிறார்கள், எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம், விலகினால் வழக்கமான வைத்தியம் நிற்காது என்று சொன்னேன். அதெல்லாம் மூன்றாம் பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. தலைப்பைத் தாண்டி அவர் போகவில்லை, அவ்வளவுதான். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"சரி, சீட்டை யார் எடுக்கிறது?"

"கம்ப்யூட்டர், சித்தப்பா."

"அதுவும் சின்னப் பையன் மாதிரிதான்" என்று முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.