டெக்சாஸில் தூண்டில் போட லைசென்ஸ்: யாருக்கு எது, எவ்வளவு

போன வருடம் மாமனாரைக் கால்வெஸ்டன் பக்கம் கடலோரத்துக்கு அழைத்துப் போனேன். அவர் தூத்துக்குடிக்காரர், கடலைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. லைசென்ஸ் என் பெயரில் மட்டும்தான் இருந்தது. பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று தூண்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனேன், திரும்பி வந்தால் மீன்பிடி, வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரி, பச்சைச் சட்டை போட்ட கேம் வார்டன், அவர் பக்கத்தில் நிற்கிறார். "மீன் ஒண்ணும் மாட்டலையே மாப்பிள்ளை, இதுக்குமா சீட்டு?" என்று மாமா என்னைக் கேட்கிறார். மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் சீட்டு வேண்டும், பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டாலும் வேண்டும். தூண்டில் யார் கையில் இருக்கிறதோ அவர் மீன் பிடிப்பவர், அவ்வளவுதான் கணக்கு. அன்று எச்சரிக்கையோடு விட்டார்கள். அபராதம் போட்டிருந்தால் 25 டாலரிலிருந்து 500 வரை போகலாம்.

அமெரிக்காவில் மீன்பிடி, வேட்டை லைசென்ஸ் இரண்டுமே மாநிலம் கொடுப்பவை, ஒரு மாநிலத்துச் சீட்டு பக்கத்து மாநிலத்தில் செல்லாது. நான் இருப்பது டெக்சாஸ் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். இங்கே இதைக் கவனிப்பது டெக்சாஸ் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறை. வாங்குவது ஒன்றும் பெரிய வேலை இல்லை, துறையின் இணையதளத்தில் பத்து நிமிடம், இல்லாவிட்டால் வால்மார்ட்டில் தூண்டில் சாமான் விற்கும் கவுண்டர். எந்தச் சீட்டு என்று தேர்ந்தெடுப்பதில்தான் நம் ஆட்கள் காசை விடுகிறார்கள்.

முதல் கேள்வி, நீங்கள் டெக்சாஸ்வாசியா இல்லையா. இதற்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ தேவையில்லை. தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இங்கே குடியிருந்தால் நீங்கள் உள்ளூர்வாசி, எச்-1பி விசாவில் இருந்தாலும் சரிதான். "நான் இந்தியன்தானே" என்று நினைத்துக்கொண்டு வெளியூர்க் கட்டணம் கட்டிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. உள்ளூர்வாசிக்கு ஏரி, ஆறு போன்ற நன்னீருக்கு 30 டாலர், கடலுக்கு 35, இரண்டுக்கும் சேர்த்து 40. வெளியாருக்கு அதுவே 58, 63, 68. நண்பர் 40க்குப் பதில் 68 கட்டினார்.

விண்ணப்பத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்கள். மீன் பிடிக்க இது எதற்கு என்று பலர் பயந்து பாதியில் விட்டுவிடுகிறார்கள். பிரிந்து வாழும் பெற்றோர் பிள்ளைக்குத் தர வேண்டிய பராமரிப்புத் தொகையைக் கட்டாதவர்களைப் பிடிப்பதற்காக, பொழுதுபோக்கு லைசென்ஸ் விண்ணப்பத்திலும் அந்த எண்ணை வாங்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் இருக்கிறது, அதனால்தான் கேட்கிறார்கள்.

அடுத்தது தேதி, அதிகம் பேர் வழுக்குவது இதில்தான். இங்கே லைசென்ஸ் ஆண்டு செப்டம்பர் 1இல் தொடங்கி ஆகஸ்ட் 31இல் முடிகிறது. புது ஆண்டுச் சீட்டு ஆகஸ்ட் 15 முதல் விற்பனைக்கு வரும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் ஜூலையில் முழு 40 டாலரைக் கட்டினால் ஆகஸ்ட் 31 இரவோடு அது காலி. கோடையில் தொடங்குகிறவர்கள் 47 டாலர் சீட்டை எடுங்கள், அது வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம் ஓடும். ஒரே ஒரு நாள் போகிறீர்கள் என்றால் ஒரு நாள் சீட்டு போதும், உள்ளூர்வாசிக்கு 11 டாலர், வெளியாருக்கு 16, நன்னீர் கடல் இரண்டுக்கும் செல்லும்.

சரி, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா? 17 வயது ஆகாத பிள்ளைகளுக்கு மீன்பிடி லைசென்ஸே வேண்டாம், எந்த நாட்டிலிருந்து வந்திருந்தாலும். ஆனால் பெரியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. 65 வயது தாண்டியவர்களுக்கு 12 டாலரில் தொடங்கும் முதியோர் சீட்டு இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு "அப்பாவுக்கு எழுபது, இது போதும்" என்று எடுத்துவிடாதீர்கள். அது டெக்சாஸ்வாசிகளுக்கு மட்டும். விசிட்டர் விசாவில் மூன்று மாதம் தங்க வந்தவர் வெளியார்தான். அவருக்குச் சரியானது 16 டாலர் ஒரு நாள் சீட்டு. மறுவாரம் மாமாவுக்கு அதைத்தான் வாங்கினேன். அன்றைக்குப் பார்த்து ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை, "பதினாறு டாலர்னா எத்தனை கிலோ வஞ்சிரம் வரும்" என்று வீடு வரும்வரை கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்.

அந்தப் பதினாறையும் மிச்சம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. டெக்சாஸ் மாநிலப் பூங்காவுக்குள் கரையிலோ மீன்பிடி மேடையிலோ நின்று தூண்டில் போட்டால் யாருக்கும் லைசென்ஸ் வேண்டாம். பூங்கா நுழைவுக் கட்டணம் மட்டும்தான். ஹூஸ்டன்காரர்களுக்கு பிராசோஸ் பெண்ட், ஹன்ட்ஸ்வில் பூங்காக்கள் வசதி. (பிராசோஸ் பெண்டில் முதலைகள் உண்டு, சின்னப் பிள்ளைகளைத் தண்ணீர் ஓரத்தில் தனியாக விடாதீர்கள்.) பல பூங்காக்களில் தூண்டிலையே இலவசமாக இரவல் தருகிறார்கள். ஊரிலிருந்து வருகிறவர்களை முதலில் இங்கே கூட்டிப்போய்விட்டு, அப்புறம் கடலைப் பற்றி யோசிக்கலாம். இது தவிர ஜூன் மாதத்தின் முதல் சனிக்கிழமை மாநிலம் முழுவதும் லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடிக்கலாம்.

சீட்டு கையில் இருந்தாலும் என்ன மீன், எத்தனை, எவ்வளவு நீளம் என்பதற்குத் தனி விதி இருக்கிறது. லார்ஜ்மவுத் பாஸ் பெரும்பாலான ஏரிகளில் 14 அங்குலமாவது இருக்க வேண்டும், ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து. கடலில் ரெட்பிஷ், அது நம் ஊர் கத்தாளைக் குடும்பம்தான், 20 முதல் 28 அங்குலம் வரை மூன்று. குட்டி மட்டுமல்ல, பெரியதையும் பொதுவாக விட்டுவிட வேண்டும் என்பது நமக்குப் புதிதாகத் தெரியும், ஆனால் முட்டையிடும் மீன் அதுதானே. கூலர் பாக்ஸ் மூடியில் அங்குல அளவு ஒட்டி வைத்திருக்கிறேன், மீனைத் தூக்கி அதன்மேல் கிடத்தினால் அரை நிமிட வேலை. சில ஏரிகளுக்குத் தனி அளவு உண்டு, போகும் ஏரியின் பெயரைத் துறையின் தளத்தில் தட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வீச்சுவலை கொண்டுவரலாமா என்று கேட்பவர்களுக்கு: இரைமீன் பிடிக்க வீசலாம், பாஸ், ரெட்பிஷ் எல்லாம் வலையில் வந்தால் திரும்ப விட்டாக வேண்டும்.

டாலஸ் பக்கம் இருப்பவர்கள் டெக்சோமா ஏரிக்குப் போவீர்கள். அது டெக்சாஸ், ஓக்லஹோமா இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது, படகில் போகும்போது எல்லை எங்கே என்று யாருக்குத் தெரியும்? அந்த ஏரிக்கென்றே 12 டாலர் சீட்டு இருக்கிறது, அதை வாங்கினால் இரண்டு பக்கமும் போடலாம். கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு வயது வரம்பு 16, 2023இலிருந்து சீட்டு வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும், கடலில் பொது மேடைகளில் நின்று பிடிக்கச் சீட்டே வேண்டாம்.

இந்தக் காசெல்லாம் எங்கே போகிறது என்று மாமா கேட்டார், நியாயமான கேள்வி. 1937இல் வந்த மத்தியச் சட்டம் வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உள்ள வரிப் பணத்தை (இப்போது 11 சதவீதம்) வனவிலங்குக்காக மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. 1950இல் மீன்பிடிச் சாமான்களுக்கும் அதே ஏற்பாடு வந்தது. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பது அதன் பரப்பையும் அங்கே எத்தனை பேர் லைசென்ஸ் எடுத்திருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. லைசென்ஸ் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பினால் மத்தியப் பங்கு நின்றுபோகும். ஆக உங்கள் 40 டாலர் ஏரியில் மீன்குஞ்சாகத்தான் போகிறது.

வேட்டைக்கு வருவோம். உள்ளூர்வாசிக்கு 25 டாலர், வெளியாருக்குப் பொது வேட்டைச் சீட்டு 315. கூடவே ஒரு பாடமும் முடிக்க வேண்டும்: 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம், 17 வயது நிரம்பியவர்கள் முழுவதையும் ஆன்லைனிலேயே முடிக்கலாம். புறா சுட, வாத்து சுட என்று பறவைக்கு ஏற்ப மேல்கட்டணமும் உண்டு. இங்கே பெரும்பகுதி தனியார் நிலம், சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் காலை வைக்கவே கூடாது.

நம் ஆட்களுக்கு வேட்டை ஆசை வருவது பெரும்பாலும் அலுவலக நண்பர் "பண்ணைக்கு வா, காட்டுப்பன்றி சுடலாம்" என்று கூப்பிடும்போதுதான். தனியார் நிலத்தில், சொந்தக்காரர் அனுமதியோடு காட்டுப்பன்றியைச் சுட 2019 செப்டம்பரிலிருந்து லைசென்ஸே தேவையில்லை. உங்களைக் கூப்பிட்ட நண்பருக்கு அது உண்மை, எச்-1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் உங்களுக்கு இல்லை. மத்தியச் சட்டப்படி அந்த விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். அதற்குள்ள சில விதிவிலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. அதாவது பன்றிக்கு வேண்டாத சீட்டு உங்கள் விசாவுக்கு வேண்டும். ஆகஸ்ட் 31 தாண்டிய பழைய சீட்டு இதற்கு உதவாது. கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை, மற்றவர்கள் பண்ணைக்குக் கிளம்பும் முன் 25 டாலரைக் கட்டிவிடுங்கள், சந்தேகம் இருந்தால் குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதுவரை நண்பர் "சும்மா பிடிச்சுப் பாரு" என்று ரைபிளை நீட்டினாலும் வாங்காதீர்கள்.