லைன்: நூலாகப் பிறந்த ஒரு சொல்

இராமேஸ்வரத்திலோ கீழக்கரையிலோ அரை நாள் கடைத்தெருவில் உட்கார்ந்து காது கொடுத்தால், ‘லைன்’ என்ற ஒரே சொல் எத்தனை வேலை பார்க்கிறது என்று தெரியும். “லைன் போயிருச்சு, இனி சாயந்தரம்தான்” என்றால் மின்சாரம். “காக்கா, லைன்ல இருங்க, வாப்பாகிட்ட குடுக்கிறேன்” என்றால் தொலைபேசி. “தீர்த்தமாட லைன் தெருவரைக்கும் நிக்குது” என்றால் கோயில் கூட்டம். “லைன் வண்டி வந்தாத்தான் பிஸ்கட்டு” என்றால் மளிகைக் கடைகளுக்குச் சரக்கு போடும் வண்டி. “அவன் லைன் போடுறான்” என்றால், அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

இதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால் பலரும் சட்டென்று ‘கோடு’ என்பார்கள். மேலே சொன்ன ஐந்து இடத்திலும் கோட்டைப் போட்டுப் பாருங்கள், ஒன்றில்கூட ஒட்டாது. ஆங்கிலத்தில் ஒரே ஆள் செய்கிற வேலைக்குத் தமிழில் தனித்தனி ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். எந்த இடத்துக்கு யார் என்று பார்ப்பதுதான் நம் வேலை. அதற்குச் சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீரும்.

லத்தீனில் ‘லினும்’ என்றால் ஆளிச்செடி. நாட்டு மருந்துக் கடையில் ஆளிவிதை என்று கொடுக்கிறார்களே, அந்த விதையைத் தருகிற செடிதான். அதன் தண்டிலிருந்து நார் உரித்து நூல் திரிப்பார்கள். அந்த நூலுக்கு, கயிற்றுக்கு ‘லினியா’ என்று பெயர். அதிலிருந்து வந்தது லைன். ஆக, பிறக்கும்போது லைன் என்பது கையில் பிடித்து இழுக்கக்கூடிய ஒரு பொருள். காகிதத்தில் கிழிக்கிற கோடு, ஆட்கள் நிற்கிற வரிசை, வண்டி போகிற தடம் எல்லாம் பிற்பாடு வந்தவை. இழுத்துப் பிடித்த நூல் நேராக இருக்கிறது, அதைப் பார்த்து நேராக இருப்பதற்கெல்லாம் அந்தப் பெயர் போனது.

லினன் துணியும் அதே வீட்டுப் பிள்ளைதான். இன்னொரு உறவு நம் தையல் கடையிலேயே இருக்கிறது. “லைனிங் வச்சுத் தைக்கணுமா, சாதாவா?” என்று ரவிக்கைத் துணியை வாங்கிக்கொண்டு கேட்கிறார்களே, அந்த லைனிங்குக்கும் கோட்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. உடைக்கு உட்புறமாக ஆளிநார்த் துணி வைத்துத் தைத்த வழக்கத்தால் அந்தப் பெயர். ‘உள்துணி’ என்றால் தமிழில் கச்சிதமாக வந்துவிடும்.

தமிழில் ‘நூல்’ என்ற சொல் ஏறத்தாழ இதே வழியில் நடந்திருக்கிறது. கொத்தனார் செங்கல் வரிசை கட்டும்போது இரண்டு முனையில் ஆணி அடித்து நூல் கட்டுகிறார். தச்சர் மரத்தில் நூல் அடிக்கிறார். ஒன்று நேராக இருந்தால் “நூல் பிடிச்ச மாதிரி இருக்கு” என்கிறோம். தச்சர் அடிக்கிற நூல் மரத்தின் கோட்டத்தைத் தீர்ப்பது போல, படிக்கிற நூல் மனத்தின் கோட்டத்தைத் தீர்க்கும் என்று நன்னூலில் ஒரு வெண்பா உண்டு. கோட்டம் என்றால் கோணல், வளைவு. லத்தீனில் நூல் கோடாகி, கோடு எழுத்து வரியாயிற்று. நம்மிடம் நூல் நேராக ஏட்டுக்கே போய்விட்டது.

இங்கே ஒரு வேடிக்கை. ‘கோடு’ என்கிற அதே ஒலியில் பழந்தமிழில் ஒரு வினை இருக்கிறது. அதற்குப் பொருள் வளைதல். குறளில் நடுவுநிலைமைக்குச் சொல்கிற ‘கோடாமை’ என்பது ஒரு பக்கமாக வளையாமல் இருத்தல்தான். கொம்பு, யானைத் தந்தம், மரக்கிளை, மலையுச்சி எல்லாமும் கோடு. நேராகக் கிழிப்பதற்கு இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு, அது கொஞ்சம் வளைந்தவுடன் ‘வளைகோடு’ என்கிறோம். தமிழுக்கு இதில் சங்கடம் எதுவும் இல்லை. தனுஷ்கோடியில் உள்ளது ‘கோடி’, அதாவது நுனி. வில்லின் நுனி என்பது அந்த ஊர்ப் பெயர். தெருக்கோடி என்கிறோமே, அந்தக் கோடி. கோட்டோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, கடலுக்கு வருவோம். லைனின் முதல் பொருளான கயிறு, நூல் என்பது இன்னும் உயிரோடு இருக்கிற இடம் மீன்பிடித் தொழில்தான். ஆங்கிலத்தில் பிஷிங் லைன் என்றால் தூண்டில் கயிறு. ‘மீன்பிடிக் கோடு’ என்று யாரும் எழுதிவிடக் கூடாது. இப்போதெல்லாம் இயந்திர மொழிபெயர்ப்பை நம்பினால் அப்படியும் வரும். நீளமான தாய்க்கயிறு ஒன்றில் இடைவெளி விட்டுக் கிளைக்கயிறுகள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு தூண்டில் முள், அதில் இரை. இதை ஆங்கிலத்தில் லாங்லைன் என்பார்கள், நீளக் கயிறு என்று வெறுமையாக. நம் கடற்கரையில் இதற்கு வைத்திருக்கிற பெயர் ‘ஆயிரங்கால் தூண்டில்’. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ்ப் பெயர் பார்த்ததைச் சொல்கிறது, தொங்குகிற முள்ளையெல்லாம் கால்களாக எண்ணிவிடுகிறது. ஒற்றை இழை நைலானுக்குத் ‘தங்கூசி’ என்ற பெயர் வழக்கில் இருக்கிறது. அதற்கும் புதுச் சொல் காய்ச்ச வேண்டாம்.

பாக் நீரிணையில் இழுவை மடி வலையைக் குறைத்து ஆழ்கடலுக்கு ஆட்களைத் திருப்ப 2017இல் ஒரு திட்டம் வந்தது. படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய், அதில் பாதி மத்திய அரசு, ஐந்தில் ஒரு பங்கு மாநில அரசு, மீதி மீனவர் பங்கும் வங்கிக் கடனும். ஆங்கிலத்தில் அந்தப் படகுக்கு லாங்லைனர் என்று பெயர். தமிழில் அதைத் ‘தூண்டில், செவுள்வலைப் படகு’ என்று எழுதினார்கள். நல்ல முடிவு. லைனைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தொழிலின் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள்.

மண்டபம், பாம்பன் பக்கம் பாசி வளர்ப்பில் ‘மோனோலைன்’ என்று ஒரு முறை உண்டு. மூங்கில் தெப்பத்துக்குப் பதிலாகக் கம்புகளுக்கு நடுவே கயிறு இழுத்துக் கட்டி, பாசித் துண்டுகளை அதில் முடிந்துவிடுவது. ஒற்றைக்கயிறு முறை என்றால் முடிந்தது.

கடலில் இன்னொரு லைன் இருக்கிறது, பிடித்து இழுக்க முடியாத லைன். இந்தியாவும் இலங்கையும் 1974 ஜூனில் செய்த ஒப்பந்தம், பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரை ஆறு புள்ளிகளைக் குறித்து, அவற்றை வரிசையாக இணைத்தால் வருவதே எல்லை என்றது. 285 ஏக்கர் கச்சத்தீவு அதற்கு அந்தப் பக்கம் போனது. 1976இல் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் எல்லை வகுத்தார்கள். இதைச் செய்தித்தாள் ‘சர்வதேசக் கடல் எல்லைக் கோடு’ என்று எழுதும். மீனவர்கள் ‘பார்டர்’ என்பார்கள். எனக்கு ‘கடல் எல்லை’ போதும் என்று தோன்றுகிறது. கோடு என்று எழுதும்போது, கரையில் இருந்து வாசிப்பவருக்கு அங்கே ஏதோ கிழித்து வைத்திருப்பது போலவும் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனது போலவும் ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. அந்தக் கோடு இருப்பது ஜி.பி.எஸ். திரையிலும் வரைபடத்திலும் மட்டும். இரவில், நீரோட்டம் இழுக்கும்போது, தண்ணீரில் அது இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஒப்பந்த வாசகப்படி அந்தப் புள்ளிகளை இணைப்பவை பூமிப் பந்தின் மேல் செல்லும் பெருவட்ட வில்கள். வளைதல் என்ற பழைய பொருளில் ‘கோடு’ பொருந்துகிற இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

ரயிலுக்கு லைன் என்றால் இருப்புப்பாதை. இந்தச் சொல்லைப் பழசு என்று ஒதுக்கிவிடுகிறோம், ஆனால் ‘இருப்புப்பாதை காவல் நிலையம்’ என்ற பலகை இன்னும் பெரிய ரயில் நிலையங்களில் தொங்குகிறது. தண்டவாளம் வேறு; அது இரும்புச் சட்டம் மட்டும். பாம்பன் பாலம் 1914 பிப்ரவரியில் திறந்தபோது கடலைத் தாண்டி இருப்புப்பாதை வந்தது. அது தனுஷ்கோடி வரை போனது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிக் கிளை போயிற்று, பிறகு போடவே இல்லை. மணலில் அங்கங்கே மிச்சம் கிடப்பதைக் காட்டி “அந்தக் காலத்து ரயில் லைன்” என்பார்கள். ‘லைன் கிளியர்’ என்பது ரயில்வேயில் ஒரு வண்டியை அடுத்த நிலையத்துக்கு விடுவதற்கான அனுமதி. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய நாளில், காற்று மணிக்கு 58 கி.மீ. வேகத்தைத் தாண்டியபோதெல்லாம் சிக்னல் சிவப்பிலேயே நின்றது, லைன் கிளியர் கிடைக்கவில்லை. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தாகிவிட்டது. ஊர்ப் பேச்சில் “என்ன, லைன் கிளியரா?” என்று கல்யாணப் பேச்சுக்கும் கடன் விண்ணப்பத்துக்கும் கேட்கிறார்களே, அது இந்த ரயில் நிலையத்திலிருந்து இறங்கி வந்ததுதான். அதற்கு ‘வழி விட்டாச்சா’ என்று பழைய பேச்சே இருக்கிறது.

அந்த இருப்புப்பாதையில் ஏறிப் போனவர்களை லைன் என்ற சொல் இன்னொரு கரையிலும் சந்தித்தது. இந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த முகாம் மண்டபத்தில் இருந்தது. ‘மண்டபம் கேம்ப்’ என்று ரயில் நிலையத்தின் பெயரே ஆகிவிட்டது. அங்கிருந்து தனுஷ்கோடி, கப்பலில் தலைமன்னார், பிறகு மலையகம். போய்ச் சேர்ந்த இடத்தில் அவர்களுக்குத் தந்த வீடு, ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்த ஒற்றை அறைகள். வெள்ளைக்காரர்கள் பட்டாளத்துக் குடியிருப்பைச் சொல்வது போல அதையும் ‘லைன்ஸ்’ என்றார்கள். நம் ஊர்களில் ‘போலீஸ் லைன்’ என்று தெருப் பெயர் இருக்கிறதே, அதே வழக்கம். தோட்டத் தொழிலாளர் வாயில் அது லயன் ஆகி, லயம் ஆயிற்று. கடைசியில் ஒரு ‘ம்’ ஒட்டியவுடன் தமிழ்ச் சொல் போலவே முகம் மாறிவிட்டது. சுருதி, லயம் என்கிற இசை லயத்துக்கும் இதற்கும் உறவில்லை. குதிரை கட்டுகிற லாயமும் வேறு. லயத்து அறைக்கு ‘லயக்காம்பரா’ என்று பெயர். காம்பரா போர்த்துகீசியத்திலிருந்து வந்த சொல், பொருள் அறை. ஒரே சொல்லுக்குள் ஆங்கிலேயரும் போர்த்துகீசியரும் குடியிருக்க, அதைப் பேசியவர்கள் தமிழர்கள்.

தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை இந்தியா திரும்ப ஏற்றுக்கொள்வதற்காக இலங்கையோடு செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களில் பலர் இதே கரையில்தான் இறங்கினார்கள், மண்டபம் முகாம் வழியாகத்தான் உள்ளே போனார்கள். அவர்கள் பேச்சில் லயம் வரும்போது அதை ‘வரிசை வீடு’ என்று மாற்றி எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பத்தடி அறையின் வாழ்க்கை முழுவதும் லயம் என்ற சொல்லில்தான் இருக்கிறது. பிறப்பு ஆங்கிலம் என்பதற்காக அதை வெளியே தள்ள முடியாது.

மீதி இடங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மின்சாரத்தில் லைன் என்றால் மின்கம்பி, முழு அமைப்பையும் சொன்னால் மின்பாதை. ஆனால் புயல் முடிந்து கம்பத்தில் ஏறுகிற மனிதரை ஊர் ‘லைன்மேன்’ என்றுதான் கூப்பிடும், கூப்பிடட்டும். தொலைபேசியில் ‘இணைப்பு’. “லைன்ல இருங்க” என்பதை “இணைப்பில் இருங்கள்” என்று பதிவுசெய்த குரல் சொல்கிறது. வீட்டில் “வச்சிராதீங்க” என்றால் போதும். எழுத்தில் ‘வரி’, செய்யுளில் ‘அடி’. ஆட்கள் நின்றால் ‘வரிசை’. சரக்கு வண்டிக்கும் பேருந்துக்கும் ‘தடம்’. நிலப்படத்தில் ‘ரேகை’ அல்லது ‘கோடு’. கடற்கரையில் வீடு கட்ட அனுமதி கேட்டுப் போனால் அலுவலகத்தில் ‘ஹை டைடு லைன்’ என்பார்கள். அதிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி பேசும். ‘ஓதம் ஏறும் எல்லை’ என்று விண்ணப்பத்தில் அச்சிட்டிருந்தால் விண்ணப்பிக்கிறவருக்கும் புரியும்.

ஒட்டுச் சொற்களில் ‘டெட்லைன்’ கதை கொஞ்சம் கொடூரமானது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், ஆண்டர்சன்வில் சிறை முகாமில் மதிலுக்கு உட்புறம் ஒரு எல்லை வைத்தார்கள். அதைத் தாண்டிய கைதியைக் காவலர்கள் சுட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் கையில் அது பிற்பாடு நேரக் கணக்காக மாறியது. தமிழில் இதற்குக் ‘கெடு’ இருக்கிறது, இரண்டே எழுத்து, எல்லாருக்கும் தெரியும். ‘ஆன்லைன்’ இணையவழி ஆனபோதும் ‘ஹெல்ப்லைன்’ உதவி எண் ஆனபோதும் லைன் சத்தமில்லாமல் காணாமல் போனது. கடலோரக் காவல்படையின் 1554ஐ ‘உதவிக் கோடு’ என்று யாரும் எழுதவில்லை என்பது ஆறுதல்.

அப்புறம் அந்தக் கடைசி லைன், பையன்கள் போடுவது. அதற்குத் தமிழ்ச் சொல் கண்டுபிடித்துத் தந்தாலும் அவர்கள் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். அதை விட்டுவிடலாம்.