ஓலைக்கு விலை போட்டீர்கள், உங்கள் கைக்கு?

நாகர்கோவிலில் வரிக் கணக்குப் பார்க்கும் தொழிலில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். முன்பெல்லாம் கடைக்காரர்களும் ஒப்பந்தக்காரர்களும்தான் வருவார்கள். சில ஆண்டுகளாக வேறொரு வகையினரும் படியேறி வருகிறார்கள். பனையோலைப் பெட்டி முடைபவர், வாழைநாரில் பை பின்னுபவர், துணியில் பூவேலை செய்பவர், சிப்பிகளைக் கோத்துத் தோரணம் கட்டுபவர். வந்ததும் ரசீதுகளை எடுக்க மாட்டார்கள். தாங்கள் செய்த பொருள் ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு, நான் அதைத் தொட்டுப் பார்க்கும்வரை காத்திருப்பார்கள். அதன் பிறகுதான் பேச்சு தொடங்கும். பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆர்டர் வந்துகொண்டே இருக்கிறது அக்கா. ஆனால் கையில் காசு நிற்கவில்லை."

கல்குளம் பக்கத்துச் சகோதரி ஒருவர் அப்படித்தான் வந்தார். மூடியுள்ள பனையோலைப் பெட்டி, சிவப்பும் பச்சையும் கலந்து முடைந்தது, உள்ளே துணி தைத்தது. விலை 180 ரூபாய். செலவைக் கேட்டேன். விரல்விட்டுச் சொன்னார்: ஓலை 40, சாயம் 15, உள்துணியும் பொத்தானும் 30, பொதிவதற்கான அட்டையும் காகிதமும் 15. ஆக 100 ரூபாய். "80 ரூபாய் லாபம்" என்றார்.

"ஒரு பெட்டிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது?"

"அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில்தானே செய்கிறேன்."

இந்தச் 'சும்மா இருக்கிற நேரம்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து, துவைத்து, மாமியாருக்கு மருந்து கொடுத்து, இரவு பதினொரு மணிக்கு மின்விளக்கின் கீழ் உட்கார்ந்து ஈர்க்கு கிழிக்கும் நேரத்துக்கு அப்படி ஒரு பெயர். ஒரு வாரம் நேரத்தை எழுதி வரச் சொன்னேன். ஓலையை வாருவது, நனைப்பது, சாயம் காய்ச்சுவது, முடைவது, விளிம்பு கட்டுவது எல்லாம் சேர்த்துப் பெட்டிக்கு நான்கு மணி நேரம் வந்தது.

80 ரூபாயை நான்கால் வகுத்தால் மணிக்கு 20 ரூபாய். எட்டு மணி நேரம் உழைத்தால் 160 ரூபாய். 2025–26 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அதில் பாதிகூட இல்லை. அவருடைய பெட்டியில் லாபம் என்று ஒன்று இருக்கவே இல்லை. தன் கூலியில் பாதிக்கு மேல் விட்டுக்கொடுத்து, மிச்சத்தை லாபம் என்று எண்ணிக்கொண்டிருந்தார். ஆர்டர் கூடக்கூடக் கழுத்துவலி கூடியதற்கும் காசு கூடாததற்கும் காரணம் அதுதான்.

இருவரும் உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டோம். பொருட்செலவு 100. கைக்கூலி மணிக்கு 60 வீதம் நான்கு மணி நேரத்துக்கு 240. ஒரு நாளுக்கு 480 ரூபாய் வரும். இத்தனை ஆண்டு தேர்ச்சி உள்ள கைக்கு அது அதிகமே இல்லை. ஆக 340. வீணாகும் ஓலை, மின்சாரம், பஸ் கட்டணம், தொலைபேசி இவற்றுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 374. இது அடக்கவிலை. கடையில் வைத்தால் கடைக்காரர் முப்பது சதவீதம் எடுப்பார். அதனால் சீட்டில் எழுத வேண்டிய விலை 374-ஐ 0.7-ஆல் வகுத்து வரும் 534, அதாவது ஏறக்குறைய 540 ரூபாய். பலர் இங்கே தவறுகிறார்கள். அடக்கவிலையோடு முப்பது சதவீதத்தைக் கூட்டி 486 என்று எழுதுகிறார்கள். கடைக்காரர் 486-இல் முப்பது சதவீதம் எடுத்தபின் கையில் வருவது 340 மட்டும். பெட்டிக்கு 34 ரூபாய் நட்டம்.

"540 ரூபாய்க்கு யார் வாங்குவார்கள்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. எல்லோரும் வாங்க மாட்டார்கள். அப்படியானால் அந்தப் பெட்டியை எல்லோருக்கும் விற்க முடியாது என்பதே அதன் பொருள். விலையைக் குறைத்துக் கூலியை விழுங்குவது அதற்குத் தீர்வாகாது. நேரம் குறைவாகப் பிடிக்கும் வேறு பொருளைத் தேட வேண்டும், அல்லது வேறு வாங்குபவரைத் தேட வேண்டும். அவர் முதல் வழியைத் தேர்ந்தார். கல்யாண வீடுகளில் தாம்பூலம் வைத்துக் கொடுக்கும் உள்ளங்கை அளவுக் கொட்டான். சாயமில்லை, விளிம்பில் மட்டும் ஒரு வண்ண ஓலை. பொருளுக்கு 35 ரூபாய், நேரம் ஐம்பது நிமிடம், அதற்குக் கூலி 50, இதரச் செலவோடு அடக்கம் ஏறக்குறைய 94. நேராகக் கல்யாண வீட்டாருக்கே 140-க்குக் கொடுக்கிறார். பாதிப் பணம் முன்பணம். பெரிய பெட்டியையும் அவர் விடவில்லை. மாதத்துக்கு இரண்டோ மூன்றோ, 540 ரூபாய்க்கே முடைகிறார். அவை மெதுவாகத்தான் போகின்றன, ஆனாலும் போகின்றன.

கைவேலைக்குக் கூலி எழுதும் பழக்கம் நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820-களில் நாகர்கோவிலில் பெண்களுக்கு ரேந்தை, அதாவது லேஸ், பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே, ரேந்தையில் கிடைத்த கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கிய பெண்கள் இங்கே இருந்தார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. என் பாட்டியும் ரேந்தை பின்னியவர்தான். கட்டைகளில் நூல் சுற்றி, தலையணைமேல் ஊசி குத்தி அவர் பின்னுவதைப் பார்த்திருக்கிறேன். எத்தனை முழம், என்ன கூலி என்பது அவர் நோட்டில் பென்சிலால் எழுதியிருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் எழுதிய அந்தக் கணக்கைப் பட்டம் பெற்ற அவருடைய பேத்திகள் எழுதாமல் இருப்பதுதான் என்னை உறுத்துகிறது.

அடுத்தது பருவம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் மாவட்டம் இது. ஓலையும் நாரும் காய வெயில் வேண்டும். மழைக்காலத்தில் முடைந்த பெட்டியில் பூஞ்சை ஏறினால் வாங்கியவர் மறுமுறை வர மாட்டார். எனவே மாசி, பங்குனியிலேயே ஓலையை வாங்கிக் காயவைத்துச் சேர்த்துவிட வேண்டும். விற்பனையோ கார்த்திகை, மார்கழியில்தான் உச்சத்துக்கு வரும். ஐயப்ப பக்தர்களும் சுற்றுலாப் பயணிகளும் கன்னியாகுமரியில் குவிவது அப்போதுதான். கோட்டாறு சவேரியார் திருவிழாவும் சுசீந்திரம் மார்கழித் தேரும் அதே பருவத்தில் வருகின்றன. போட்ட பணம் திரும்பி வர எட்டு, ஒன்பது மாதங்கள் ஆகும். இடையில் வீட்டுச் செலவுக்கு அந்தப் பணத்தை எடுத்தால் அடுத்த பங்குனியில் ஓலை வாங்கக் கையில் ஒன்றும் இருக்காது. தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். உங்கள் கூலியை அதிலிருந்து மாதாமாதம் வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். மற்றதைத் தொடாதீர்கள்.

கடைகளில் பொருள் வைப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விற்ற பிறகு பணம் என்ற ஏற்பாடு இங்கே சாதாரணம். தவறும் இல்லை. ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். வாழைநார்ப் பை செய்யும் இளைஞர் ஒருவர் வெளியூர்க் கடை ஒன்றுக்கு 120 பைகள் அனுப்பினார். பேச்சு முழுவதும் தொலைபேசியில். பணம் வரவில்லை, பைகளும் திரும்பவில்லை. என்னிடம் வந்தபோது எட்டு மாதங்கள் ஓடியிருந்தன. அவரிடம் இருந்த ஒரே சான்று லாரி அலுவலகச் சீட்டு. எத்தனை பை, என்ன விலை, எந்தத் தேதிக்குள் பணம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் போதும். என்னால் அவருக்கு அதிகம் உதவ முடியவில்லை. அந்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது.

அவரிடம் உத்யம் பதிவும் இல்லை, அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு. 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் இந்தப் பதிவுக்கு ஆதார் எண்ணும் பான் எண்ணும் போதும், கட்டணம் எதுவும் இல்லை. இதற்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று கேட்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். அரசு இணையதளத்தைப் போலவே தோற்றம் கொண்ட தனியார் தளங்களும் இருக்கின்றன, முகவரியைப் பார்த்துத் திறங்கள். பதிவு உள்ள குறுந்தொழில் உற்பத்தியாளருக்கு, வாங்கியவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதிக்குள், அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்கள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி என்று சட்டம் சொல்கிறது. சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிவு கையில் இருக்கட்டும். பிறகு பதிவு செய்துவிட்டுப் பழைய பாக்கிக்கு வாதாடுவது கடினமான பாதை.

நமக்கு உள்ள இன்னொரு சிக்கல் எல்லை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். திருவனந்தபுரத்துக் கண்காட்சிக்குப் போவது நமக்குப் பக்கத்து ஊருக்குப் போவது போல. ஆனால் ஜிஎஸ்டி சட்டத்துக்கு அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. எல்லை தாண்டினால் சிறியவரும் பதிவு செய்ய வேண்டும் என்பது பொது விதி. கைவினைப் பொருள் செய்பவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. அறிவிக்கப்பட்ட பட்டியலில் உங்கள் பொருள் இருந்து, விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவில்லாமலே கொண்டுபோகலாம். ஆனால் பான் எண் வேண்டும், சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் வேண்டும். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்குக் கீழே இருந்தாலும் இவர்களுக்கு இ-வே பில் கட்டாயம். இது தெரியாமல் சோதனையில் நின்றவர்கள் இருக்கிறார்கள். ஓணத்துக்கு ஆர்டர் எடுப்பதற்கு முன்பே உங்கள் கணக்காளரிடம் பொருளைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

சோப்பு செய்பவர்களுக்கும் ஒரு சொல். நம் ஊர்த் தேங்காயெண்ணெயில் குளியல் சோப்பு செய்து விற்கும் ஆசை பலருக்கு இருக்கிறது. குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். 2020 ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி தயாரிப்பு உரிமம் பெற வேண்டும். உரிமம் இல்லாமல் வீட்டுச் சமையலறையில் செய்து சீட்டு ஒட்டி விற்க அந்த விதிகள் இடம் தருவதில்லை. சிப்பிவேலை செய்பவர்களும் கவனிக்க வேண்டும். பவளத் துண்டு, கடல் விசிறி, நாட்டிலஸ் ஓடு போன்றவை 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. வலையில் தானாக வந்தது, கரையில் கிடந்தது என்ற சமாதானம் எடுபடாது. வடசேரியில் செய்யும் நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெயரைச் சீட்டில் போட நீங்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். பரம்பரையாக அந்த வேலை செய்யும் குடும்பங்களே இதைச் செய்யாமல் இருப்பதைப் பார்க்கிறேன்.

கடனைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கியது. 25 வகைத் தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய், வட்டியில் 5 சதவீதச் சலுகை. 35 வயது நிரம்பியிருக்க வேண்டும். கோணத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். நல்ல திட்டம். ஆனால் மணிக்கு 20 ரூபாய் கிடைக்கும் பெட்டியைக் கடன் வாங்கி இருமடங்காகச் செய்தால் கழுத்துவலியோடு தவணையும் சேரும். முதலில் நேரத்தை எழுதுங்கள், விலையைச் சரிசெய்யுங்கள், மூன்று மாதம் அந்த விலைக்கு விற்றுப் பாருங்கள். அதன் பிறகு விண்ணப்பம் எழுத நானே உட்காருகிறேன்.

என்னிடம் வருபவர்களிடம் இப்போது வேறெந்த ஆவணத்தையும் முதலில் கேட்பதில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, பொருள், வாங்கிய சாமான், தொடங்கிய மணி, எழுந்த மணி. நடுவில் குழந்தை அழுது எழுந்துபோனால் அதையும் குறியுங்கள். கல்குளம் சகோதரியின் நோட்டு சென்ற மாதம் மூன்றாவதாக மாறியது. அதில் ஒரு பக்கத்தில் 'இரவு 10.15 – 10.50, கரண்ட் இல்லை, மெழுகுவத்தி 5 ரூபாய்' என்று இருந்தது. அந்த ஐந்து ரூபாயையும் பெட்டியின் விலையில் சேர்த்திருந்தார்.