ஜெபம் செய்தும் இளைப்பாற முடியாதவர்களுக்கு

பெங்களூரில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். நானும் விசுவாசிதான். என்னைத் தேடி வருகிற தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலருக்கு, வந்து உட்காருவதே ஒரு குற்ற உணர்ச்சி. "ஜெபிக்கிறவ நான், இங்கெல்லாம் வரலாமா மேடம்?" என்று கேட்டவர்கள் உண்டு. சபையில் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று லிங்கராஜபுரத்தில் இருப்பவர் ஜெயநகர் வரைக்கும் போய் ஆலோசகரைப் பார்க்கிறார். களைப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், களைத்துப்போய்விட்டோமே என்ற வெட்கம்தான் இவர்களை அதிகமாக வாட்டுகிறது.

"வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள். நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்." மத்தேயு 11:28. வசனக் காலண்டர் மாட்டியிருக்கும் வீடுகளில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடமான வசனம். ஆனால் அதற்கு அடுத்து என்ன வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். 12ஆம் அதிகாரம் தொடங்கியதுமே, பசியில் கதிர் கொய்து தின்ற சீஷர்களைப் பார்த்து, ஓய்வுநாளில் இப்படிச் செய்யலாமா என்று, நியாயப்பிரமாணத்தைக் கடுமையாகக் கடைப்பிடித்த பரிசேயர் குற்றம் பிடிக்கிறார்கள். 23ஆம் அதிகாரத்தில் இயேசுவே இவர்களைப் பற்றிச் சொல்கிறார்: சுமக்க முடியாத சுமைகளைக் கட்டி மனுஷர் தோளில் ஏற்றுகிறார்கள், தாங்களோ ஒரு விரலாலும் அதைத் தொடமாட்டார்கள் என்று. அவர் இறக்கி வைக்கச் சொன்ன பாரத்தில் கடனும் வியாதியும் மட்டும் இல்லை. பக்தியின் பெயரால் ஏற்றிய சுமையும் அதில் சேர்த்திதான்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாகர்கோவில் பக்கத்து ஊர்க்காரர். அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. கணவருக்கு நைட் ஷிஃப்ட். பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமியாரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். விடியற்காலை நாலு மணிக்குப் போனிலேயே ஜெபக் குழு, வெள்ளிக்கிழமை உபவாசம், சனிக்கிழமை பாடகர் குழுப் பயிற்சி, ஞாயிறு காலை ஓய்வுநாள் பள்ளியில் டீச்சர். "ஜெபத்துல கண்ணை மூடினா தூங்கிடறேன் மேடம். ராத்திரி படுத்தா தூக்கமே வரல. ஆண்டவர் என்னைக் கைவிட்டுட்டாரோன்னு பயமா இருக்கு." சொல்லும்போதே துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். விரல் வெளுத்துப்போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

பைபிளைக் கொடுத்து 1 இராஜாக்கள் 19ஐச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லிக்கொடுத்த எலியா தீர்க்கதரிசியின் கதைதான். ஆனால் அவர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் முந்தின அதிகாரத்துக் கர்மேல் மலையும் வானத்திலிருந்து இறங்கிய அக்கினியும். அந்த வெற்றிக்குப் பின்னாலேயே எலியா உயிருக்குப் பயந்து ஓடுகிறான். ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டுவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுகிறான். அங்கே தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை, உன் விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவும் இல்லை. தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்கிறான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டவன் மறுபடியும் படுத்துக்கொள்கிறான். தூதன் இரண்டாம் தரமும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான், போக வேண்டிய தூரம் அதிகம் என்பதால். தேவன் அவனோடு பேசியது அதற்கெல்லாம் அப்புறம்தான். அந்தப் பெண் அடையும் தண்ணீரும் வரும் இடத்தில் நிறுத்தி, வெகுநேரம் அழுதார்.

அப்படியானால் இளைப்பாறுதல் என்பது சும்மா தூங்குவதுதானா என்று கேட்டால், இல்லை. தேவனுக்கு முன்னால் தன்னை நிரூபித்துக் காட்ட வேண்டிய அவசியம் தீர்ந்துபோவதுதான் அது. நான் நல்லவளாக இருந்தால்தான், இத்தனை மணி நேரம் ஜெபித்தால்தான் அவர் என்னை ஏற்றுக்கொள்வார் என்ற கணக்கைக் கிறிஸ்து சிலுவையிலேயே முடித்துவிட்டார் என்று நம்புகிறவர்கள் நாம். அதை நம்பிக்கொண்டே தினமும் அதே கணக்கைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தால் எப்படி நிம்மதி வரும்?

அன்னாளின் கதை இதில் எனக்கு ரொம்ப முக்கியம். பிள்ளையில்லாத மனக்கசப்பை ஆலயத்தில் அழுது கொட்டுகிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. குடித்திருக்கிறாள் என்று ஆலயத்து ஆசாரியரான ஏலியே நினைத்துவிடுகிறார். பேசி முடித்தபின் அவள் எழுந்துபோய்ச் சாப்பிட்டாள், அதன்பின் அவள் முகத்தில் துக்கம் இல்லை என்று 1 சாமுவேல் 1:18 சொல்கிறது. அவள் மகன் சாமுவேல் பிறந்தது அதற்கு அப்புறம்தான். பதில் கிடைக்கும் முன்பே அவளுக்கு இளைப்பாறுதல் வந்துவிட்டது. அலங்காரமில்லாமல் உள்ளதை உள்ளபடி சொன்னாள், அவ்வளவுதான். 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது, கடைசி வரியில்கூட ஆறுதல் இல்லை. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்றால், 'ஸ்தோத்திரம்' சொல்ல வாய் வராத நாளிலும் தேவனிடம் போகலாம் என்றுதானே அர்த்தம்?

சிவாஜிநகர் ஆரோக்கிய அன்னை பேராலயத்துக்குச் சாதாரண நாள் மத்தியானத்தில் போய்ப் பாருங்கள். செப்டம்பர் 8 திருவிழாக் கூட்டம், காவிச் சேலைகள், தேர் எதுவும் இருக்காது. எதிரே ரஸ்ஸல் மார்க்கெட்டில் வாங்கிய காய்கறிப் பையைக் காலடியில் வைத்துவிட்டு நாலைந்து பேர் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவள். இருந்தாலும், ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்பவர்களிடம் இப்படி எந்தக் கோயிலிலாவது கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து வாருங்கள் என்று சொல்வேன்.

உடம்பையும் பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணை மருத்துவரிடம் அனுப்பி ரத்தப் பரிசோதனை எடுத்தபோது ஹீமோகுளோபின் குறைவாக இருந்தது, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வு வரும். எதிலும் விருப்பமில்லாமல், பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்தபடியே இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அது மனச்சோர்வு நோயா என்று மனநல மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். ஆண்டவர் குணமாக்கிவிட்டார் என்று சாட்சி சொல்ல வேண்டும் என்பதற்காக யாரும் பாதியில் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்ப வரலாம்.

பாஸ்டர்கள், குருக்கள், ஜெபக் குழு நடத்தும் அக்காமார் எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள். எப்போதும் ஓடி ஓடி வேலை செய்கிறவரைக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு இந்தப் பொறுப்பை வேறு யாராவது பார்க்கட்டும் என்று நீங்களே சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார். மேலே சொன்ன பெண்ணின் பாஸ்டர் ஒரே பேச்சில் ஓய்வுநாள் பள்ளி வகுப்பை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தார், நாலு மணி ஜெபத்துக்கும் வர வேண்டாம் என்றார். தூக்கம் சரியாகச் சில மாதங்கள் ஆனது.

அப்புறம், "செத்துப்போயிட்டா நல்லா இருக்கும்" என்று யாராவது சொன்னால் அதை அவிசுவாசப் பேச்சு என்று அதட்டாதீர்கள். என்ன நினைக்கிறீர்கள் என்று நேராகவே கேளுங்கள், தனியாக விடாதீர்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இந்தச் சேவைக்கு நம் ஊர் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ்தான் தலைமை மையம். ஆபத்து உடனடியானது என்று தோன்றினால், ஜெபித்த கையோடு ஆட்டோ பிடித்து, ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் அவசரப் பிரிவுக்கு அவரோடு நீங்களும் போங்கள்.